ஐந்து கோஷ்டி கட்டிய பாலமும் உன் அப்பாவின் பேச்சும்

அன்பு மகன் தவீதாவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே இரண்டு பன்றிகளைத் தவிர நாங்கள் அனைவரும் நலம். அங்கே ஆக்லாந்தில் உன் உடம்பு எப்படி, இறைச்சித் தொழிற்சாலையில் குளிருக்குக் காலில் ஏதாவது போட்டுக்கொள்கிறாயா, இல்லை இங்கே மாதிரி வெறுங்காலோடு திரிகிறாயா என்று எழுது. என் கை துணி பிழியவும் ஆளை அடிக்கவும்தான் லாயக்கு என்று உனக்குத் தெரியும், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை லாங்கி எழுதுகிறாள். மரியாதைக் குறைவு என்று பாதியை விட்டுவிடுவாள் என்பதால் ஒவ்வொரு வரியையும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். உன் மனைவி சியெனி நலம், மூன்று ஆள் சாப்பாடு சாப்பிடுகிறாள். மற்றதை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

நீ கப்பல் ஏறும்போது என்ன சொன்னாய்? "மழைக்கு முன்னாடி ஆத்துல பாலம் வரலைன்னா சியெனியை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடு, போன வருஷம் அந்தப் பொண்ணுக்கு நடந்தது இவளுக்கும் நடக்கக் கூடாது" என்றாய். அந்தப் பெண் வெள்ளம் வடியட்டும் என்று இக்கரையில் ஒரு நாள் முழுக்க வலியோடு கிடந்ததையும், அவள் குழந்தையைப் புதைத்ததையும் நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி அக்கரையில், நாம் இக்கரையில், நடுவில் ஆறு. அதனால் நீ போன மறு வாரமே மாதர் கமிட்டியைக் கூட்டினேன். ஊர்ச் சபை, தேவாலயம், கடைக்காரர் ஆ பெங், மராமத்து இலாகா, மாதர் கமிட்டி, இந்த ஐந்தும் கை சேர்த்தால்தான் பாலம் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். முதல் நாள் வேலைக்கு வந்து பார்த்தால் ஐந்து கோஷ்டியும் ஆளுக்கு ஒரு பன்றி, ஆளுக்கு ஒரு ஜெபம், ஆளுக்கு ஒரு பேச்சு கொண்டுவந்திருந்தார்கள். ஆணி ஒருவரும் கொண்டுவரவில்லை. அடுத்தவர் கௌரவத்தில் குறைந்துபோகக் கூடாது என்று பன்றியை நினைத்த தலைகளில் ஒன்றுகூட ஆணியை நினைக்கவில்லை. அன்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வீடு போனோம். நம் பன்றிகளில் முதலாவது போனது அப்படித்தான்.

அதற்குப் பிறகும் சண்டைதான். தேவாலயத்துப் பையன்கள் தூக்கிய கல்லைச் சபைக்காரர்கள் தொடமாட்டார்கள், ஆ பெங் கொடுத்த சிமெண்டை அவர் ஆள் வராமல் பிரிக்கக் கூடாது, மராமத்து அதிகாரி கம்பிவடத்தை வைத்துக்கொண்டு யாரோ வந்து கூப்பிடுவார்கள் என்று மர நிழலில் உட்கார்ந்திருப்பார். நான் ஒரே ஒரு விதி போட்டேன். தன் கோஷ்டி வீடுகளில் சமைத்ததைத் தன் கோஷ்டி சாப்பிடக் கூடாது. பசித்தால் அடுத்த கோஷ்டியிடம் போய்க் கேள். "இது என்னடி கொடுமை, என் பெண்டாட்டி சமைச்சதை நான் சாப்பிடக் கூடாதா?" என்று உன் அப்பா குதித்தார். "முப்பது வருஷம் சாப்பிட்டீங்களே, ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொன்னீங்களா? போய் ஆ பெங் வீட்டுல கேளுங்க" என்றேன். மூன்றே நாளில் போதகர் அதிகாரியிடம் டின் மீன் கேட்டு நின்றார், அதிகாரி சபைக்காரர்களிடம் சேப்பங்கிழங்கு கேட்டு நின்றார். கேட்கப் போன இடத்தில் சும்மா இருக்க முடியுமா? கல்லை எங்கே போடுவது, கம்பியை எப்படி இழுப்பது என்று பேச்சு வளர்ந்தது. பதினோரு வாரத்தில் பாலம் தொங்கியது. நடந்தால் கொஞ்சம் ஆடும், நம் போதகர் விருந்து முடிந்து நடப்பதுபோல. (இதை எழுதமாட்டேன் என்றாள். எழுது என்றேன்.)

திறப்பு விழா போன வியாழன். பந்தல் போட்டு, பாலத்து வாயில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. பேச்சும் ஜெபமும் முடியாமல் ஒரு கால் பாலத்தில் படக் கூடாது என்பது சபை உத்தரவு. காலையிலிருந்து மலைமேல் மழை, ஆறு இடுப்பளவுக்கு ஏறிவிட்டது. பேசப்போவது யார் என்று முதலில் முடிவாக வேண்டுமே. நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, எனக்குத்தான் பேச வேண்டும் என்று உள்ளே துடித்துக்கொண்டு, வெளியே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்கள். ஒரே ஊரின் பேச்சாளர்கள் என்றாலே ஒரு மணி நேரம் ஆகும், இங்கே ஐந்து கோஷ்டி. உன் அப்பா பேச்சாளருக்குரிய கைத்தடியை ஊன்றி, தேங்காய் நார்ச் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, "பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் வாய் திறக்கலாமா?" என்றார். "உங்க வாய் திறக்காத ஊரும் ஒரு ஊரா?" என்றார் தேவாலயத்து மூப்பர். "கடல்னா நீங்க, நான் வெறும் நண்டு." "நண்டு நான்தானுங்க, நீங்க கரை." இப்படியே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சியெனி என் கையைப் பிடித்தாள். ஆமாம், வலி, மூன்று வாரம் முன்னதாகவே.

நான் அவளைத் தாங்கிக்கொண்டு, லாங்கியிடம், "ஓடு, உன் அப்பன்கிட்டச் சொல்லு, அதிகாரியோட ஜீப் அக்கரையில நிக்குது, வழி விடச் சொல்லு" என்றேன். எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவளை அனுப்பினேன் பார், என் புத்தி அப்படி. போனாள். பந்தலுக்கு நடுவே, ஐந்து கோஷ்டிக்கும் முன்னால் நின்றாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "யாருடா இந்தப் பொண்ணு, உக்காரு உக்காரு" என்று யாரோ கையைக் காட்டினார்கள். உன் அப்பா அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "நண்டுன்னு சொன்னேன் இல்லையா" என்று தொடர்ந்தார். அவள் திரும்பினாள், பன்றியைப் பங்குபோட வைத்திருந்த வெட்டுக்கத்தியை எடுத்தாள், நேராகப் பாலத்துக்குப் போய் நாடாவை ஒரே வீச்சு. அப்புறம் எங்களிடம் வந்து சியெனியின் மறு தோளைப் பிடித்தாள்.

நாங்கள் பாதிப் பாலம் போன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. அதிகாரி சாவியோடு எங்களை முந்திக்கொண்டு ஓடினார், ஆ பெங் மனைவி குடையோடு, போதகர் ஓடிக்கொண்டே ஜெபத்தோடு. உன் அப்பா தடி ஒரு பக்கம், சாமரம் ஒரு பக்கம் விழ, இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு வந்து ஜீப்பின் பின்னால் ஏறினார். ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாள் முதல் இதுதான் முதல் தடவை. உனக்கு மகள் பிறந்திருக்கிறாள், தவீதா. கொடி கழுத்தைச் சுற்றி நீலமாக வந்தாள், மருத்துவச்சி பிரித்துவிட்டு முதுகில் தட்டியதும் கத்தினாள். "இன்னும் கால் மணி நேரம் ஆகியிருந்தா என்கிட்டக் கொண்டுவந்திருக்கவே வேண்டாம்" என்றாள் மருத்துவச்சி. அந்தக் கால் மணி நேரத்தில் இங்கே நண்டும் கரையும் முடிந்திருக்காது.

திங்களன்று சபை கூடியது, நாடாவை அறுத்ததற்கு நம் வீட்டுக்கு அபராதம் போட. உன் அப்பா எழுந்து, "அறுத்தது என் மகள். பேசிக்கிட்டிருந்தது நான். அபராதம் எனக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நம் வீட்டு இரண்டாவது பன்றி அப்படிப் போனது. அதைப் பங்குபோடும்போது, பேச்சாளருக்கு உரிய துண்டைச் சபையே லாங்கிக்கு அனுப்பி வைத்தது. வெட்கத்தில் சமையல் குடிசையை விட்டு வெளியே வரமாட்டேன் என்றாள், ஆனால் முழுதும் தின்றாள்.

கர்த்தர் உன் கைகளைக் கத்திக்கும் குளிருக்கும் தப்பவைத்துக் காப்பாராக. மறக்காமல் ஒன்று செய். ஐந்து கோஷ்டியும் குழந்தைக்கு ஆளுக்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள், மராமத்து இலாகா உட்பட. மாத முடிவில் ஞானஸ்நானம், அதற்குள் நீ ஒரு பெயரைத் தந்தியில் அனுப்பு. சின்னதாக.

உன் அம்மா,
பெலே

அண்ணா, இது லாங்கி. அம்மா காயப்போட்ட துணி எடுக்கப் போயிருக்கிறாள். அவள் ஊரெல்லாம் சொல்வதுபோல எனக்குத் தைரியம் எதுவும் வரவில்லை. நான் பந்தலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, பெரியவர்கள் பேசும்போது சத்தம் வரக் கூடாது என்று அண்ணி துணியைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதுதான்.