எனக்குச் சொல்லாத பிரியாவிடை

ஏறாவூர்,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பொறகு.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால வீட்டில எல்லாரும் சுகம். உம்மாக்குக் கால் வீக்கம் இறங்கிட்டு. நம்மட மகள் இனாயாக்கு முன்பல்லு ஒண்டு விழுந்து, வாப்பாக்குக் காட்டணும் எண்டு பஞ்சில சுத்தி வெச்சிரிக்கா. கோவத்தில இரிக்கிறது நான் ஒராள் மட்டும்தான்.

நீங்க எடுக்கிற கோலுக்கு நான் ஏன் ஆன்சர் பண்ணல்ல எண்டு உம்மாட்டக் கேட்டீங்களாம். போனில நான் ஒண்டு சொல்லி முடிக்க முந்தி நீங்க நாலு சொல்லிருவீங்க. வொய்ஸ் அனுப்பினா பாதியக் கேட்டுட்டு ஓகே எண்டு போடுவீங்க. கடிதத்த இடையில மறிக்க ஏலாது, அதான் எழுதுறன். நம்மட பழைய ஸ்டூடண்ட் றிஸ்லான் ஞாயித்துக்கிழமை டோஹா வாறான். உங்கட கையிலயே தாறன் எண்டிரிக்கான். உம்மா தொதலும் குடுத்து விட்டிரிக்கா. அவன் வழியில திண்டுட்டா அதுக்கு நான் பொறுப்பில்ல.

செவ்வாய்க்கிழமை நடந்தத முதல்ல சொல்றன். பின்னேரம் கொலேஜில ஏசி வகுப்புப் பொடியனுகளுக்குக் கொப்பர் குழாய் ஒட்டுறது காட்டிட்டு நிண்டன். தையல் பகுதி றோசம்மா மிஸ் வந்து, என்னகா இன்னும் இதுக்குள்ளயே நிக்கிறாய், அதிபர் கூப்பிடுறார், கையக் கழுவிட்டு ஹோலுக்கு வா எண்டா. ஸ்டாப் மீட்டிங் எண்டு நினைச்சித்தான் போனன். போனா, மேசையில கேக். அதில பச்சை ஐசிங்கில "சென்று வருக ஸாதியா" எண்டு எழுதிக் கிடக்கு. வேற ஒரு ஸாதியா பின்னால நிக்கிறாவா எண்டு நான் கிறுகிப் பார்த்தன். சத்தியமாப் பார்த்தன் மச்சான்.

அதிபர் இராசதுரை சேர் பேசத் துவங்கினார். நான் வேலைய விட்டுட்டுக் கணவனோட சேரப் போறனாம். குடும்பம்தான் பெரிசு எண்டு நான் எடுத்த முடிவப் பாராட்டுறாராம். நான் எடுத்த முடிவாம்! மறுகா வெல்டிங் நோபேட் சேர் ஒழும்பினார். தன்னாமுனையில இருந்து வாறவர், எல்லார்ட பிரியாவிடைக்கும் வாழ்த்துப்பா எழுதுற ஆள், உங்களுக்குத் தெரியும்தானே. பிரேம் போட்டுக் கொண்டு வந்திரிந்தார். முக்கால்வாசி உங்களப் பத்தித்தான். எனக்கெண்டு வந்த வரி "இஷாமின் இல்லத்து இளங்குளிரே". ஏசி பகுதியில வேலை செய்றதால குளிராம். மனுஷன் கண்ணு கலங்கி வாசிக்கிறார், நான் வாயப் பொளந்து நிக்கிறன்.

பொன்னாடைய ஆம்புள போர்த்தினா சரியில்ல எண்டு அந்தளவுக்கு யோசிச்சு, அத றோசம்மா மிஸ்ட கையில குடுத்து வெச்சிரிந்தாங்க. அவ வந்து தோளில போடக்குள்ளதான் எனக்கு வாய் திறந்திச்சு. நான் எங்க போறன் எண்டு கேட்டன். அதிபர்தான் சொன்னார், இஷாம் போன கிழமை கோல் எடுத்து எல்லாத்தையும் சொன்னார், மாசக் கடைசியோட நீங்க ராஜினாமாக் குடுக்கிறீங்களாம், உங்க வாயால சொல்ல வெக்கப்படுவீங்களாம் எண்டு.

எனக்கு எப்படி இரிந்திச்சு எண்டு நினைக்கிறீங்க? மண்ணுக்குள்ள போயிரலாம் போல இரிந்திச்சு. ஆனா அழல்ல. அழுதா, பாவம் பிரிய மனமில்லாம அழுறா எண்டு கை தட்டியிருப்பாங்க. பொன்னாடைய மடிச்சு மேசையில வெச்சன். சேர், நான் ராஜினாமாக் குடுக்கவும் இல்ல, குடுக்கப் போறதும் இல்ல, ஆனா கேக்க வீணாக்கப்படாது எண்டு சொல்லி, நானே கத்திய எடுத்து வெட்டி எல்லாருக்கும் குடுத்தன். மிச்சத்த வகுப்புக்குக் கொண்டு போய்ப் பொடியனுகளோட பங்கு போட்டுத் திண்டன். கேக் நல்லாத்தான் இரிந்திச்சு.

நீங்க கெட்ட எண்ணத்தில செய்யல்ல. அது எனக்குத் தெரியும், தெரிஞ்சதாலதான் இன்னும் கோவம் வருது. ஃபேமிலி விசா சரிவந்த சந்தோசத்தில, கையில போன் இரிந்திச்சு, எடுத்திட்டீங்க. அங்க ஆறு பேரோட ஒரு றூமில படுக்கிறீங்க, சோறு வயித்துக்குப் புடிக்கல்ல, புள்ளட முகத்த ஸ்கிரீனில பார்க்கிறீங்க. எல்லாம் விளங்குது. ஆனா இனாயாட சப்பாத்து என்ன சைஸ் எண்டு கேக்க ரெண்டு தரம் கோல் எடுக்கிற ஆள், என்ட வேலைய விடுறதுக்கு என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல்லயே.

இந்த வகுப்பு எப்படி என்ட கைக்கு வந்த எண்டு மறந்திட்டீங்க போல. நாடு கவுண்ட வருஷம், பெற்றோல் வரிசையில நிண்டு நிண்டு சலிச்சு, சம்பளமில்லாத லீவு எடுத்துக்கிட்டு நீங்க டோஹாக்கு ஏறிட்டீங்க. உங்களுக்கு உதவியா நிண்ட என்னப் புடிச்சு உங்கட இடத்தில நிப்பாட்டினாங்க. துவக்கத்தில பொடியனுகள் என்னக் கூப்பிட்டது "இஷாம் சேர்ட மிஸ்" எண்டு. நான் ஒரு கொம்பிரசரக் கழட்டினா, சேரும் இப்படித்தான் கழட்டுவாரா எண்டு ஒருத்தன் கேப்பான். வாவிக் காத்துக்குக் குழாயெல்லாம் பச்சை புடிச்சு, புதுசு கேட்டுக் கொழும்பு ஹெட் ஒபீசுக்கு எழுதினா ஒரு சத்தமும் இல்லாம, நான் ஊரில வீடு வீடாப் போய்ப் பழைய பிரிட்ஜ் கேட்டு வாங்கி வகுப்ப நடத்தினன். பழைய இரும்புக்காரி எண்டு எனக்குப் பட்டமும் வெச்சாங்க. வெச்சா வெச்சிட்டுப் போகட்டும்.

இப்ப கேளுங்க. போன மாசம் கல்குடாவில ஒரு ஹோட்டல் நம்மட பொடியனுகள் மூணு பேர வேலைக்கு எடுத்திரிக்கு. மனேஜர் கோல் எடுத்து ஏசி சேரோட கதைக்கணும் எண்டார். கதைங்க எண்டன். இல்ல, சேரோட எண்டார். சேர் நான்தான் எண்டன். நோபேட் சேர் பக்கத்தில நிண்டு விழுந்து விழுந்து சிரிச்சார். அண்டைக்கு வீட்ட வந்து உங்களுக்கு அதச் சொல்லணும் எண்டு எவ்வளவு ஆசையா இரிந்தன், நீங்க விசாக் கதைதான் கதைச்சீங்க.

இவ்வளவு செஞ்சும் கொலேஜ் எனக்கு எழுதுற எல்லாத்திலயும் "பதில் போதனாசிரியை" எண்டுதான் போடுறாங்க. பதிலாம்! நீங்க என்ன கேள்வியா மச்சான், நான் உங்களுக்குப் பதிலா நிக்க?

புதன்கிழமை அதிபர்ட அறைக்குப் போனன். அந்தாளுக்கும் வெக்கம், என்ட முகத்தப் பார்க்கல்ல. நான் போறன் எண்டு நம்பி, அடுத்த பேட்சுக்கு ஏசி வகுப்பில ஆக்கள் எடுக்க வேணாம் எண்டு கொழும்புக்கு அறிவிச்சிட்டாராம். அத மாத்தச் சொன்னன். மாத்தலாம், ஆனா அந்தப் பதவி இன்னும் இஷாம்ட பேரில கிடக்கு, அவர் வாறாரா இல்லையா எண்டு தெரியாம, பதில் ஆள நம்பி ஒண்டரை வருஷக் கோர்சத் துவங்க ஏலாது, ஒண்டு அவர் வரணும், இல்லாட்டி அவர் விடணும், விட்டா உங்களுக்கு நானே சிபாரிசு எழுதுறன் எண்டார். எனக்கு அவரோட சண்டை புடிக்கத்தான் ஆசை. ஆனா அந்தாள் சொல்றதில பிழை இல்ல.

இந்த முறை அப்ளிகேஷன் போட்ட ஆக்களில ஒரு பொம்புளப் புள்ளயும் இரிக்கு, சுலக்ஷனா எண்டு பேர், களுவாஞ்சிக்குடி. தாய் கூட வந்து வேர்க்ஷொப்ப எட்டிப் பார்த்தா. எண்ணெய்க் கையோட நான் நிண்டன். படிப்பிக்கிறது இந்த மிஸ்தானா எண்டு ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் ஒப்பம் வெச்சா. அந்த மனிசிக்குப் போய் வகுப்பு இல்ல, என்ட மாப்பிள்ளை கோல் எடுத்திட்டார் எண்டு நான் சொல்லவா?

உங்கட ராத்தா நபீஸா நேத்து வந்து, புருஷன் கூப்பிட்டும் போகாத பொண்டாட்டிய இப்பதான் பார்க்கிறன் எண்டு துவங்கினா. நான் சொன்னன், ராத்தா, எங்கட பக்கத்தில மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்ட வாறது, உங்கட தம்பி ஓட்டமாவடியில இருந்து சூட்கேசோட இந்த வாசலில வந்து இறங்கக்குள்ள அவர்ட வேலைய விடச் சொல்லி ஆரும் கேக்கல்லயே, இது எந்த ஊர்ப் புதுச் சட்டம் எண்டு. ராத்தா பிளேன்டீயக் குடிச்சிட்டு ஒழும்பிட்டா. அவட கோவம் பெருநாளைக்குள்ள ஆறிரும்.

அங்க வந்து நான் என்ன செய்ற? ஏசி றூமுக்குள்ள குந்திக்கிட்டு, அந்த ஏசி எப்ப பழுதாகும் எண்டு பார்த்திட்டு இரிக்கவா? வேண்டா மச்சான். என்னால ஏலா.

நீங்க என்ட ராஜினாமாவக் கேட்டீங்க. நான் உங்கட ராஜினாமாவக் கேக்கிறன், அங்கத்த வேலையில இருந்தோ இங்கத்த வேலையில இருந்தோ. ஒண்டு, லீவ முடிச்சிட்டு வாங்க. வந்து உங்கட இடத்தில நில்லுங்க, நான் பழையபடி உதவிக்கு நிக்கிறன். முகத்தத் தூக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ண ஏலா, ஆனா நிப்பன். இல்ல, டோஹாதான் எண்டா, அந்தப் பதவிய எனக்கு விட்டுத் தாங்க. பென்ஷன் போயிரும் எண்டு யோசிப்பீங்க. யோசிங்க, அது நியாயம். ஆனா அங்க ஒரு கால், இங்க ஒரு கால் எண்டு நீங்க நிக்கிற நிலையில, நடுவில கிடந்து மிதிபடுறது நான். மாசக் கடைசிக்குள்ள அதிபருக்கு இன்னொரு கோல் எடுங்க. இந்த முறை எனக்குச் சொல்லிட்டு எடுங்க.

இதெல்லாம் வாசிச்சிட்டு, ஸாதியாக்கு வேலைதான் பெரிசு, நான் தேவையில்ல எண்டு நினைச்சிராதீங்க. நீங்க இல்லாத வீடு எனக்கு நல்லாயில்ல. சோத்துக் கோப்பைய எடுக்கக்குள்ள கை இன்னும் நாலா எடுக்குது, உம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி ஒண்டத் திருப்பி வெக்கிறா.

எனக்காகத் துஆக் கேப்பீங்க, தெரியும். பொறுமையக் குடு எண்டு மட்டும் கேட்டுராதீங்க. அது என்னட்ட வேணுமெண்டளவு கிடக்கு. கேக்கிறதெண்டா, என்ட மாப்பிள்ளைய எனக்குத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்க.

வஸ்ஸலாம்.
உங்கட மனைவி,
ஸாதியா.