நீலக் கோடு

மார்ச் 3

வரைபடக்காரருக்கு,

நலம். கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. உங்களிடமிருந்து வந்தது நான் மறந்துவிட்டு வந்த குடை மட்டும். நன்றி.

நம் தீபகற்பம் ஒரு காலத்தில் தீவாக இருந்தது என்று ஆறு வருடம் அலைந்து வரலாறு எழுதினேன். மேப் மட்டும் உங்கள் பொறுப்பு. அச்சான புத்தகத்தைப் பிரித்தால், நாம் ‘கழுத்து’ என்கிற அந்த ஒடுங்கிய மணல் நிலத்தை வெட்டிக்கொண்டு போன பழைய கடல்வழியையே காணோம். நான் வரைந்து கொடுத்த மாதிரியில் இருந்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அழித்திருக்கிறீர்கள். தலைமையாசிரியர் போன் போட்டு, “எதுங்க சரி? நீங்களா, மேப்பா?” என்கிறார். மனசு விட்டுப்போயிற்று. இதைச் சரிசெய்யாமல் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடவும்.

டீச்சர்

மார்ச் 9

டீச்சர் அம்மாவுக்கு,

மாத்திரை போட்டாயிற்று. என் சமையலைப் பக்கத்து வீட்டுப் பூனைகூட எட்டிப் பார்ப்பதில்லை.

அளக்காத எதையும் நான் வரைந்ததில்லை. இருபத்தாறு வருட சர்வே ஆபீஸ் பழக்கம். ஆனால் உன்னைக் கேட்காமல் அழித்தது பெரிய தப்பு. திட்டுவாய் என்று பயந்துதான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திட்டக்கூட ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

கழுத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டுகிறார்கள். நாளை அளக்கிற டேப்போடு போகிறேன்.

வரைபடக்காரன்

மார்ச் 21

டீச்சர்,

மூன்று குழியிலும் பன்னிரண்டடி ஆழத்தில் சிப்பிப் படுகை. நடுக்குழியில் துருப்பிடித்த நங்கூரம். அதை மூன்று முறை அளந்தேன். மேஸ்திரி, “என்ன சார், அதுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்று கேட்டார்.

நீ சொன்னதுதான் சரி. தோற்றதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததே இல்லை.

விற்காமல் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதியிலும் நீலப் பேனாவால் கடல்வழியைப் போட்டுவிட்டேன். விரல் வீங்கிவிட்டது. கடைசிப் பிரதி உனக்கு.

வந்துவிடேன்.

உன் வரைபடக்காரன்

மார்ச் 26

என் வரைபடக்காரருக்கு,

பிரதி வந்தது. நீலக் கோட்டின் மேல் மிளகு அளவில் ஒரு படகு, அதில் வழுக்கைத் தலையோடு ஓர் ஆள். இதையும் அளந்துதான் வரைந்தீர்களா? லென்ஸ் வைத்துப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

படகில் எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. அங்கே கொண்டை போட்ட ஒருத்தியைச் சிவப்பு மையால் உட்கார வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். கழுத்து நிறுத்தத்தில் டேப்போடு நில்லுங்கள். உங்கள் கோடு கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது, வந்து சொல்கிறேன்.

உங்கள் டீச்சர்