சட்டைப்பையில் இருந்த பேனை

நானா,

இன்று காலை பேனையின் மூடியைக் கழற்றி மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். அத்தர் வாசம் போய்விட்டது. சில மாதங்களுக்கு முன்புகூட எழுத உட்காரும்போது கொஞ்சம் வரும். இன்று மையின் மணம் மட்டும்தான். ஒருமுறை பார்த்து நம்புகிறவன் நான் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். மூடியின் உட்புறத்தையும் கிளிப்பையும் தனித்தனியாக மணந்து பார்த்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி வாசலில் நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணா, பேனையைத் தின்னப் போறியளோ?"

மூடியை மாட்டினேன். இந்தப் பேனையைப் பற்றி முழுவதும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நாம் சந்தித்தது மனநோய்க் கிளினிக்கின் நீண்ட வாங்கில். மாதத்துக்கொரு முறை ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் காத்திருப்போம். நான் வெள்ளவத்தையிலிருந்து வருவேன், நீங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து. சுவரில் மூன்று மொழிகளிலும் அறிவித்தல்கள் ஒட்டியிருக்கும். தமிழில் இருப்பது வழக்கம்போலப் பிழையாக இருக்கும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எழும்பிப்போய், விடுபட்ட ஒரு எழுத்தைப் பேனையால் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"மாஸ்டரா நீங்க?"

"இல்லை. படிப்பையே முடிக்காதவன்."

"எங்க நிண்டுச்சு?"

"பல்கலைக்கழகத்தில, கடைசி வருசம். வருத்தம் வந்திட்டுது."

நீங்கள் உடனே சொன்னீர்கள்: "அப்ப பஸ் இன்னும் ஹோல்ட்லதான் நிக்கிது. ஏறுங்களே மாஸ்டர்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வியர்த்தது. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வசனத்தைத்தான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு போனேன். வாலிபத்தில் என்னைக் கட்டிலோடு சேர்த்துப் போட்ட பயத்தைப் பற்றி அவ்வளவு காலமும் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். படிப்பு அங்கேயே நிற்கிறது, போய் ஏறலாம் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்.

நீங்கள் என்னைவிடப் பெரிதாக மூத்தவரல்ல. ஆனால் கிளினிக்கில் எல்லாரும் உங்களுக்கு ஒரு பெரிய மனிதரின் இடத்தைக் கொடுத்திருந்தார்கள். நானும் அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடத் தொடங்கினேன். புறக்கோட்டையில் துணிக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருந்தவர் நீங்கள். உங்கள் வருத்தம் என்னுடையதற்கு எதிர்ப்பக்கம் போவது. எனக்கு வந்தால் ஒரு வார்த்தையும் வெளியே வராது. உங்களுக்கு வந்தால் உலகம் முழுவதற்கும் சட்டை தைத்துக் கொடுக்கவேண்டும் போல இருக்கும். முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் றோட்டில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுத் துணி வெட்டிக் கொடுத்த கதையை நீங்களே எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள். "பாவம் முதலாளி, ஒரு கோழிக்கால் திண்டிட்டு வார நேரத்துக்குள்ள கட பெருநாள் முடிஞ்ச மாதிரி ஈக்கிது" என்று சொல்லிவிட்டு முதலில் சிரிப்பதும் நீங்கள்தான்.

வெளிவாரிப் பட்டத்துக்கு வகுப்பு நடத்தும் கல்லூரி ஒன்று கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருந்தது. வயது கேட்க மாட்டார்கள் என்று விசாரித்து வந்து சொன்னீர்கள். நான் மறுத்தேன். என் பயம் படிப்பைப் பற்றியது மட்டுமல்ல. பிரதேச செயலகத்தின் மூலம் எனக்கு ஒரு கொடுப்பனவு வருகிறது. மனநோயால் வேலை செய்ய முடியாதவன் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்ததால் வருவது. சிறியதுதான். ஆனால் தங்கச்சியின் ஓய்வூதியத்தில் நடக்கும் வீட்டில், என் மருந்துக்கும் என் பங்கு அரிசிக்கும் அதைத்தான் கொடுக்கிறேன். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நான் நிமிர்ந்து உட்காருவது அதனால். படிக்கப் போகிறேன் என்று தெரிந்தால் அதை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

அளவையியல் படிக்க ஆசைப்பட்டவன் என்பதால் அந்தப் பயத்தையும் ஒழுங்காக அடுக்கி உங்களிடம் சொன்னேன். படிக்கக்கூடியவன் வேலை செய்யக்கூடியவன். வேலை செய்யக்கூடியவனுக்குக் கொடுப்பனவு இல்லை. ஆகவே எனக்கு இல்லை.

நீங்கள் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே கேட்டீர்கள்: "மாஸ்டர், போன மாசம் ரெண்டு கிழம நீங்க குளிக்கவே இல்ல. அது இந்தக் கணக்கில எங்க வருது?"

 அடுத்த வாரம் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லாரும் எழும்பி நின்று "குட் மோர்னிங் சேர்" என்றார்கள். விரிவுரையாளர் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குத் திரும்பி ஓடவேண்டும் போல இருந்தது. கடைசி வாங்குக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர்களும் இருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு "சொறி அங்கிள்" என்றாள். இடைவேளையில் போன் எடுத்து உங்களிடம் சொன்னபோது, "விசரா ஒங்களுக்கு? இருங்க பிள்ளைகளேண்டு செல்லி ஒரு பாடம் நடத்தியிருக்கலாமே" என்றீர்கள். ஊரே பைத்தியம் என்கிற என்னிடம் விசரா என்ற சொல்லை அப்படிப் பயன்படுத்த உங்களுக்கு மட்டுமே உரிமை இருந்தது. நாம் இருவரும் அன்று சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா?

ஆனாலும் கொடுப்பனவை மீளாய்வு செய்யும் நாள் வரும்போதெல்லாம் என் பழைய பயம் வந்துவிடும். நம்முடைய வாங்கில் அந்த நாளுக்கென்று ஒரு முறையே இருந்தது. முந்திய இரண்டு நாளும் சவரம் செய்யக்கூடாது. இஸ்திரி போட்ட சேர்ட் கூடாது. சப்பாத்து கூடாது, இறப்பர்ச் செருப்புத்தான். கேட்டவுடன் பதில் சொல்லக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்குப் பழையவர்கள் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். நாங்கள் பொய் சொல்லப் போவதில்லை. எங்கள் கெட்ட நாட்களில் நாங்கள் உண்மையாகவே அப்படித்தான் இருப்போம். ஆனால் வருத்தம் அவர்கள் குறித்த திகதியில் வருவதில்லை. அதனால் அந்த ஒரு நாளுக்குக் கெட்ட நாளின் உடுப்பைப் போட்டுக்கொண்டு போகவேண்டியிருந்தது.

அந்த முறைக்கு நீங்கள் எனக்காக ஒன்றைச் சேர்த்தீர்கள். செயலகத்தின் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "எல்லாம் சரி. பேனயக் கழட்டுங்க. மினிஸ்டர்ட செக்ரட்டரி மாதிரி ஈக்கிறீங்க."

சட்டைப்பையிலிருந்து எடுத்து உங்கள் கையில் தந்தேன். உங்கள் சட்டைப்பையில் குத்திக்கொண்டீர்கள். நான் உள்ளே போய் வரும்வரை வெளியே அந்த மரத்தின் கீழ் நிற்பீர்கள். வந்ததும் நான் கையை நீட்ட, பேனை திரும்பி வரும். பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அதற்கு ஈடாக, உங்களுக்குத் தலை சூடேறத் தொடங்கும் நாட்களில் உங்கள் பேர்ஸ் என்னிடம் வரும். "புடிங்க மாஸ்டர், நான் கேட்டாலும் தர வேணாம்" என்பீர்கள். மறுநாளே கேட்பீர்கள். நான் கொடுக்காமல் இருப்பேன். யாருக்கும் எதையும் மறுத்துப் பழக்கமில்லாத எனக்கு அதுவே பெரிய படிப்பு.

இரண்டாம் வருடம் நான் விழுந்துவிட்டேன். அறைக் கதவைத் திறக்கவில்லை. புத்தகங்களைக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டேன். நீங்கள் இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்தீர்கள். கதவைத் தட்டவில்லை. வெளியே கதிரையைப் போட்டுக்கொண்டு தங்கச்சியோடு சேலைத் துணிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். எந்தச் சாயம் கழுவினால் போகும், எது போகாது என்று. இடையிடையே தண்டவாளத்தில் கோச்சி போகும் சத்தத்தில் பேச்சு நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். படிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. பின்னேரம் போகும்போது கதவுக்கு அந்தப்பக்கத்திலிருந்து, "மாஸ்டர், தங்கச்சிட இடியப்பம் முடிஞ்சி. நாளைக்கும் வாரன்" என்றீர்கள். மறுநாளும் வந்தீர்கள், அதற்கு மறுநாளும். ஒருநாள் நான் கதவைத் திறந்து, நைலெக்ஸ் சேலை கழுவினால் சுருங்குமா என்று கேட்டேன். அதைத்தான் என் வாயிலிருந்து முதலில் வந்த வசனமாகத் தங்கச்சி இன்றும் சொல்கிறாள்.

நீங்கள் போனது வருத்தத்தால் அல்ல. ஒரு சாதாரண சனிக்கிழமை, விடியற்காலை சுபஹுத் தொழுது வந்து படுத்தவர் எழும்பவில்லை. நான் அப்போது வகுப்பில் இருந்தேன், போனை அணைத்து வைத்திருந்தேன். திறந்து பார்த்துக் கொட்டாஞ்சேனைக்கு ஓடி வந்தபோது ஜனாஸா எடுத்துவிட்டார்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. படியில் நின்ற என்னை உங்கள் மகள் உள்ளே கூப்பிட்டு இந்தப் பேனையைத் தந்தாள்.

"வாப்பாட சேர்ட் பொக்கட்ல ஈந்திச்சு, அங்கிள். ஒங்கடதுதானே?"

அதற்கு முந்திய மாதம் மீளாய்வின்போது நீங்கள் என்னிடம் வாங்கியது. மழையில் ஓடிப் பஸ் ஏறிய அவசரத்தில் நான் கை நீட்ட மறந்துவிட்டேன். பேனையில் உங்கள் அத்தர் மணந்தது.

நேற்று மறுபடியும் அந்த நாள் வந்தது, நானா. நீங்கள் இல்லாத முதல் மீளாய்வு. எல்லாம் முறைப்படி செய்தேன். தாடி, கசங்கிய சேர்ட், இறப்பர்ச் செருப்பு. துணைக்கு வருகிறேன் என்ற தங்கச்சியை வேண்டாம் என்றேன். வரிசையில் நின்று என் முறை வந்து கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பேனை சட்டைப்பையில் இருக்கிறது. கழற்றச் சொல்ல ஆளில்லை. கையால் மறைக்கப் பார்த்தேன். அதற்குள் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி மிஸ்ஸின் பேனை எழுதாமல் நின்றுவிட்டது. அதை உதறிப் பார்த்துவிட்டு என் பேனையைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

"அங்கிள், பேன தென்னக்கோ."

கொடுத்தேன். எழுதிப் பார்த்தாள். நன்றாக எழுதுகிறதே, இதனால் என்ன எழுதுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டவுடன் பதில் சொல்லக்கூடாது என்ற முறையை நினைத்தேன். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பேனை அவள் கையில் இருக்கும்போது எனக்குப் பொய் வரவில்லை.

"மம இகெனகன்னவா, மிஸ்" என்றேன். படிக்கிறேன் என்று.

அவள் நிமிர்ந்து என் தாடியைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்த முறை கடைசிப் பரீட்சை என்பதையும், போன பரீட்சைக்கு வாசல்வரை போய்த் திரும்பி வந்து ஆஸ்பத்திரி வார்ட்டில் படுத்ததையும். என் சிங்களம் இடறியது. இனி அந்த மூன்றாவது வசனம் வரும், ஆகவே உங்களுக்கு இல்லை என்பாள் என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பரீட்சைக்கு யார் கூட்டிக்கொண்டு போவது?" என்று கேட்டாள்.

"ஒரு சிநேகிதர் வருவார். இப்போது இல்லை."

அவள் என் கோப்பைப் புரட்டினாள். பிறகு வைத்தியரின் கடிதத்தைப் பார்த்து, உங்களால் வேலை செய்ய முடியாது என்றுதானே இவர் எழுதியிருக்கிறார், நான் பார்ப்பது அதைத்தான், கொடுப்பனவு அப்படியே இருக்கும், நீங்கள் போய்ப் படியுங்கள் என்றாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

இவ்வளவுதானா, நானா? இத்தனை வருடமும் நாம் வாசலில் நின்று பேனையைக் கழற்றியது இதற்கா? அடுத்த முறை வேறொருவர் அந்தக் கதிரையில் இருந்தால் என்ன ஆகுமோ என்பதும் தெரியாது. அதையும் யோசித்துவிட்டேன், யோசிக்காமல் இருப்பேனா. நீங்கள் இருந்திருந்தால் மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

எழும்பியபோது அவள் என் பேனையாலேயே அடுத்தவரின் பெயரை எழுதத் தொடங்கியிருந்தாள். வேறொரு நாளென்றால் அப்படியே வந்திருப்பேன். பின்னால் நின்ற வரிசை முனகியது. நான் நகரவில்லை.

"மிஸ், மகே பேன" என்றேன், என் பேனை என்று. குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டு தந்தாள்.

சட்டைப்பையில் குத்திக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் கடுமையாக இருந்தது. மரத்தடிக்கு வந்ததும் வழக்கம்போல வலது கையை நீட்டியிருக்கிறேன். நீட்டியதே எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் என்னைப் பார்த்து, "எங்க போகணும் ஐயா?" என்று கேட்டபோதுதான் கையைப் பார்த்தேன்.

மெதுவாக மடக்கிக்கொண்டேன். "கொள்ளுப்பிட்டிக்கு" என்றேன். பின்னேரம் வகுப்பு இருந்தது.