கூட்டித் தள்ளிய கோப்பு

செவ்வாய், இரவு.

என் கடையில் ஸ்டிக்கர் வெட்டுகிற மெசினை இன்று நானே கொன்றுபோட்டேன்.

இடி விழுந்து பழைய கொம்பியூட்டர் போனதால் புதிது வாங்கினேன். அதிலுள்ள லினக்ஸுக்கு மெசினைத் தெரியாது. மெசினை ஓட்டுகிற மென்பொருளான மொடியூலைத் திரும்பக் கட்டவேண்டும். அதிலே ஒரு துண்டை மெசின்காரர் மூலநிரல் தராமல், கொம்பைல் பண்ணி முடித்த .o கோப்பாகத்தான் தந்தவர்கள். அவர்களும் கடையை மூடிவிட்டார்கள். கோப்பு என்னுடைய பென்டிரைவில் மட்டும்தான்.

முந்தி அந்தக் கோப்பு மொடியூலோடு பேசாமல் ஒட்டிக்கொள்ளும். இப்போது லினக்ஸ்காரர் கட்டுகிற முறையை மாற்றிவிட்டார்களாம். கொழும்பில் வேலை செய்யும் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, முதலிலை அந்தக் கோப்பின்ரை பேருக்குப் பின்னாலை _shipped எண்டு ஒரு வால் போடுங்கோ. பிறகு பழைய துண்டுகளைக் கூட்டித் தள்ளுற கிளீன் கட்டளையை அடிச்சிட்டுக் கட்டுங்கோ."

நான் கூட்டாமல் கடை திறக்காத ஆள். கோப்பை வேறெங்கும் கொப்பி எடுக்காமல், பென்டிரைவுக்குள்ளேயே நின்று, முதலில் கிளீன் அடித்தேன்.

"பிள்ளை, கோப்பைக் காணேல்லை."

"வால் போட்டனீங்களோ?"

"இனித்தான்."

"ஐயோ அப்பா! வால் இல்லாத .o எல்லாத்தையும் அது குப்பையெண்டு அழிச்சுப்போடும். வேறை கொப்பி இருக்கோ?"

"உன்னட்டை இல்லையோ?"

அவள் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பின்னேரம் முழுக்க அங்கிருந்தே இணையம் வழியாக என் பென்டிரைவில் மீட்டுப் பார்த்தாள். பெயர் மட்டும் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

மெசின் ஓடுதோ என்று மனிசி கேட்டாள். கடை நல்ல துப்பரவாக இருக்கு என்றேன்.

நாளைக்கும் திறக்கத்தான் வேணும். திறந்து என்ன செய்யிறது? கூட்டலாம்.