நாலாம் வகுப்பார் வாய்பாட்டை மீண்டும் ஒன்றாகச் சொல்ல அனுமதி வேண்டுதல்

அனுப்புபவர்:
திருமதி கமலாவதி தியாகராசா,
சிறாப்பர் வளவு ஒழுங்கை,
நீர்வேலி.

பெறுபவர்:
கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்.

பொருள்: சிறாப்பர் வளவு ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகள் பெருக்கல் வாய்பாட்டைச் சேர்ந்து சொல்வது நிறுத்தப்பட்டமையும், அதனால் என் பேர்த்தி செல்வி சாருஜா சுபாஸ்கரன் பின்தங்கியோர் வகுப்பில் இருத்தப்பட்டமையும்.

மதிப்புக்குரிய பணிப்பாளர் ஐயா,

1. முறைப்பாட்டைச் சொல்ல முன், எங்கடை பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்று தாங்கள் அறிய வேண்டும். மூத்த மகளின் மகன் ஜெயரூபன் ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிறான். பனி கொட்டுகிற நாளிலும் அவனுடைய பஸ் பிந்துவதில்லை என்று வேலையிடத்தில் பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அவன் தங்கை கஜந்தினி பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறாள். போன லீவுக்கு வந்தபோது எங்கள் ஒழுங்கையில் அவள் பார்க்காத ஆடு மாடு இல்லை. இளைய மகளின் பிள்ளை ஷெரோன் கோலூன்றிப் பாய்தலில் மாகாணத்தில் இரண்டாம் இடம். முதலாம் இடம் வந்த பிள்ளைக்குச் சொந்தத் தடி இருந்தது. எங்கள் பிள்ளை இரவல் தடியில் பாய்ந்தாள் என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும். கடைக்குட்டி சாருஜா, என் மகன் சுபாஸ்கரனின் ஒரே பிள்ளை, நாலாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய கெட்டித்தனத்தைப் பற்றித்தான் இந்த மனு.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். மனுவுக்குத் தலைப்புப் போடும் விதத்தைக் கஜந்தினி போனில் சொன்னாள். மற்றதெல்லாம் என் எழுத்து. பிழையிருந்தால் அது என்னைச் சேரும்.

2. ஐயா, நான் படித்தது உரும்பிராயில். அங்கே பின்னேரம் மணி அடிக்க முன்பு, நடராசா வாத்தியார் பிரம்பால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். உடனே பாலர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லோரும் எழும்பி நின்று வாய்பாடு சொல்லத் தொடங்குவோம். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று. ஏழேழு நாற்பத்தொன்பதுக்கு வரும்போது குரல் தன்பாட்டில் ஏறும். தெரிந்தவள் பலத்துச் சொல்லுவாள், தெரியாதவள் அவளுடைய குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். நானும் அப்படித்தான் போனேன். நாளாக நாளாக, எந்த நாள் என்று தெரியாமலே, எனக்குப் பின்னால் இன்னொருத்தி வந்துகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்து வேலிக்கு அங்காலே எங்கள் வெங்காயத் தோட்டம். என்னைப் பெற்ற ஐயா அங்கே கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்துக்கொண்டே எங்களோடு சேர்ந்து சொல்லுவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் துலா மிதிப்பும் பிசகுதென்று அம்மாவுக்குப் பகிடி விடுவார். அந்தத் துலாவும் இல்லை, அந்தக் கிணற்றில் இப்போது மோட்டார் இரைகிறது. ஆனாலும் வெங்காயம் உரிக்க இருந்தால் இன்றைக்கும் என் வாய் ஏழாம் வாய்பாட்டில்தான் போகும்.

3. தொண்ணூற்றைந்தில் சண்டையால் நாங்கள் இடம்பெயர்ந்திருந்தபோது, தென்மராட்சியில் ஒரு மாமரத்தடியில் பள்ளிக்கூடம் நடந்தது. கரும்பலகை இல்லை, கொப்பி இல்லை. என் மகன் சுபாஸ்கரன் அங்கேதான் வாய்பாடு பாடமாக்கினான். சமைக்க விறகு தேடிப் போன இடத்தில் அந்தச் சத்தம் காதில் விழ, விறகைக் கீழே போட்டுவிட்டு நின்று கேட்டேன். ஊரை விட்டு வந்த பிறகு நான் கேட்ட முதலாவது பழைய சத்தம் அது. அப்போது அது ஆருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

4. எங்கள் சிறாப்பர் வளவுப் பாடசாலையிலும் சென்ற தவணை வரை அந்த வழக்கம் இருந்தது. மண்டபம் ஒன்றுதான், வகுப்புகளுக்கு நடுவே தட்டிகள். மேற்பார்வைக்கு வந்த ஓர் ஐயா, ஒரு வகுப்பின் சத்தம் மற்ற வகுப்பைக் குழப்புகிறது, கூட்டமாகச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குத் தெரியும், எதற்குத் தெரியாது என்று பிடிக்க முடியாது என்று சொல்லி நிறுத்திவிட்டார். இப்போது ரீச்சர் பெருக்கல் கணக்கு எழுதிய ஒரு கடதாசி மட்டையைத் தூக்கிக் காட்டுவா. பிள்ளை தனியே எழும்பி, அடுத்த மட்டை வர முன்பு விடை சொல்ல வேண்டும். அந்த ஐயா சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் எழுதவில்லை. சாருஜாவை அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

5. சாருஜாவுக்குக் கொன்னை. கதைக்கத் தொடங்கினால் முதற் சொல்லில் நாக்கு நின்றுவிடும். கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைத்து, அந்தச் சொல் வெளியே வருவதற்குள் கேட்டவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். ஆனால் பலபேரோடு சேர்ந்து சொல்லும்போது அவளுக்கு ஒரு தடங்கலும் இல்லை. தேவாரமும் அப்படி, வாய்பாடும் அப்படி. போன வருடம் மதில் கரையில் நின்று நான் கேட்டிருக்கிறேன். அத்தனை குரலுக்குள்ளும் என் பேர்த்தியின் குரலை நான் பிரித்தறிவேன். அது முன்னுக்குப் போன குரல்.

மட்டை வந்த நாள் முதல் அவள் எழும்பி நின்று வாயைத் திறப்பதும், மட்டை மாறுவதும், இருப்பதுமாகப் போயிற்று. விடை தெரியாத பிள்ளை என்று கணக்கிலெடுத்து, மண்டபத்துக் கடைசியில் நடக்கும் பின்தங்கியோர் வகுப்பில் இருத்திவிட்டார்கள்.

6. அந்த வகுப்புக்குப் பாயும் கொப்பியும் பிஸ்கற்றும் கொடுத்தது வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கம். கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பிஸ்கற் பைக்கற்றுடன் படம் எடுத்துப் பாடசாலையின் முகநூலில் போட்டார்கள். கீழே, “வாய்பாட்டில் பின்தங்கிய எமது மாணவச் செல்வங்கள்” என்று எழுதி, பேர்களும் போட்டிருந்தது. எங்கடை ஊரில் உதவி வாங்கினால் படம் எடுப்பது வழமை. அதில் கெட்ட எண்ணம் இருந்ததென்று நான் சொல்ல மாட்டேன்.

ஐயா, அந்தச் சங்கத்துக்குக் கொடுத்தவர்களில் எங்கள் ஜெயரூபனும் ஒருவன். தான் படித்த பள்ளிக்கூடம், ஆரோ ஏழைப்பட்ட பிள்ளைகள் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறான். பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் போனைத் திறந்தால் வரிசையில் மூன்றாவதாக நிற்கிறாள் அவன் மச்சாள். உடனே எனக்கு எடுத்து, “அம்மம்மா, உவள் சாருஜா ஏன் உதுக்குள்ளை நிக்கிறாள்?” என்றான். அந்த ஒரு நிமிடம் எனக்கும் கொன்னைதான்.

அன்று தொடங்கிச் சாருஜா வீட்டிலும் கதைப்பது குறைந்துவிட்டது. முன்பு தடக்கித் தடக்கியாவது “அப்பம்மா” என்று கூப்பிடுவாள். இப்போது வந்து சேலைத் தலைப்பை இழுக்கிறாள்.

7. இதற்குச் சாட்சி இருக்கிறது. ஐப்பசி மழை பெய்த ஒரு நாள், தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பதும் கேட்கவில்லையாம். மட்டை காட்டிப் பயனில்லை என்று வகுப்பு ரீச்சர் ஜெசிதா பிள்ளைகள் எல்லோரையும், பின்தங்கியோர் வகுப்பாரையும் கூப்பிட்டு, பழையபடி சேர்ந்து சொல்ல விட்டிருக்கிறா. சொல்லிக்கொண்டு போகையில் சாருஜாவின் வாயருகே குனிந்து காது வைத்திருக்கிறா. ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாம் பிசகில்லாமல் வந்ததாம். பிள்ளை சிரித்துக்கொண்டு சொன்னாளாம். ஜெசிதா ரீச்சர் குருநகரில் இருந்து வந்து போகிறவ. பின்னேரம் பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து, “ஆச்சி, உங்கடை பிள்ளைக்கு எல்லாம் தெரியும், ஆனால் நான் என்ன செய்யிறது, மேலை இருந்து சொன்னதை மாத்த எனக்கு ஏலாது” என்று சொல்லிக் கண் கலங்கினா. மேலே என்றால் தாங்கள்தானே ஐயா. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன். அந்த ரீச்சரில் ஒரு பிழையும் பிடிக்க வேண்டாம். அன்றைக்கு மழைதான் காரணம்.

8. அடுத்த மாதம் முதற் கிழமையில் வலயத்தின் வாய்பாட்டுப் பரீட்சை வருகிறது. வாயால் தனியே சொல்ல வேண்டுமாம். அதில் தவறுகிற பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குப் போனாலும் புலமைப்பரிசில் வகுப்பில் சேராமல் பின் வரிசையிலேயே இருக்க வேண்டும் என்று அறிகிறேன். தெரியாத பிள்ளை பின் வரிசையில் இருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். தெரிந்த பிள்ளை அங்கே இருக்கக் கூடாது.

ஆகையால் தாழ்மையுடன் கேட்பது:

பரீட்சையில் சாருஜா விடையை எழுதிக் காட்டவோ, இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து சொல்லவோ தாங்கள் அனுமதிக்க வேண்டும். சேர்ந்து சொல்லும்போது ஆர் சொல்வது என்று சந்தேகம் வந்தால், ஜெசிதா ரீச்சர் செய்ததுபோலக் குனிந்து கேட்கலாம்.

மட்டை இருக்கட்டும், அதுவும் நல்லதுதான். அதோடு, காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு பத்து நிமிடம் எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் வாய்பாடு சொல்ல விட வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னால் ஆர் ஆரைக் குழப்புவது? நடராசா வாத்தியார் அதை யோசித்துத்தான் செய்திருப்பார்.

கடைசியாக, அந்தப் பிஸ்கற் படத்தை எடுத்துவிட்டு, அதே பக்கத்தில் புதிதாக ஒரு படம் போடும்படி பாடசாலைக்கு அறிவிக்க வேண்டும். பிஸ்கற் வேண்டாம், வரிசை வேண்டாம், பேர் வேண்டாம். கீழே “நாலாம் வகுப்பு” என்று மட்டும் போட்டால் போதும். பிள்ளைகள் எல்லோரும் வாய்பாடு சொல்லுகிறபோது, வாய் திறந்தபடி எடுக்க வேண்டும். படத்தில் சத்தம் வராது. அடுத்த வகுப்புக்கு ஓர் இடைஞ்சலும் இல்லை.

தங்கள் கட்டளையைப் பார்த்திருக்கும்,

(ஒப்பம்) தி. கமலாவதி

நீர்வேலி,
06.11.2025