நாலாவது செட்டு

ராயபுரம், திருப்பூர்
19.11.2006

என்ற சாமி முருகவேலுக்கு அம்மா எழுதிக்கறது. நானும் உங்கப்பாவும் நோவுநொடி இல்லாம நடமாடிக்கிட்டு இருக்கறம், நீயும் அந்தக் குளுருல வேளாவேளைக்குத் தின்னு நல்லாத் தூங்கி எந்திரிச்சு இருக்கோணும்னு முருகனைக் கும்பிட்டுக்கறேன். போன் இருக்கையில இவ எதுக்குக் காயிதம் எழுதறான்னு நெனப்பே. போன்ல பேசுனா உங்கப்பா பக்கத்துல உக்காந்து என்ற வாயையே பாப்பாரு, மெயிலுன்னா பிரவுசிங் சென்டர்ல ஆரையாச்சும் டைப் அடிச்சுத் தரச் சொல்லோணும். ரெண்டுக்கும் ஆகாத சேதி இது, அதுனாலதான் காயிதம்.

டிசம்பர் கடைசியில நாங்க அங்க வந்ததும் நாம சேந்து போற மலை ஊருக்கு நீ எழுதித் தாட்டி உட்ட திட்டத்தை உங்கப்பா என்னைய மூணு தடவை படிக்க வச்சாரு. மொத நாளு ரயில்ல போயி எறங்கி ரூமுல கம்முனு படுத்துக்கறது, ரெண்டா நாளு கம்பியில தொங்கற பெட்டியில மேல போயி மலையப் பாத்துப்போட்டுக் கீழ எறங்கறது, மூணா நாளு குதிரை வண்டி, பனியத் தள்ளி உட்ட பாதையில சித்த நேரம் நடை, அப்புறம் சுடுதண்ணித் தொட்டி, மறுநாளு திரும்பறது. பனியில சறுக்கத் தெரியாத எங்களை மாதிரி ஆளுங்களுக்குத் தகுந்தாப்புல நல்லாத்தான் யோசிச்சிருக்கறே. அந்தப் பலகை வண்டியில உக்காந்து மேட்டுல இருந்து உருண்டு வர்றத மட்டும் அடிச்சுப்போடு, உங்கப்பா மொழங்காலு தாங்காது. சுடுதண்ணித் தொட்டியில பொம்பளைங்க என்னத்தை உடுத்திக்கிட்டு எறங்கறாங்கன்னு நீ எழுதவே இல்ல, எழுதாட்டிப் போச்சாது, நான் கரையில உக்காந்துக்கறேன். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் இங்கிருந்தே எடுத்தாறேன், நீ குக்கர் மட்டும் கொண்டா.

உங்கப்பா வாரேன்னு சொன்னதே எனக்கு மொத அதிசயம். உன்ற தங்கச்சி யாழினி போனதுல இருந்து இந்தப் பதினாறு வருசமா அவரு எந்த மலையும் ஏறுனதில்லைன்னு உனக்கே தெரியும். வருசம் தவறாம பழனிக்குப் போவாரு, அடிவாரத்துல நின்னு மேல பாத்துக் கும்பிட்டுப்போட்டுத் திரும்பிருவாரு, நாமெல்லாம் ஏறி எறங்கற வரைக்கும் செருப்புக்குக் காவலா உக்காந்திருப்பாரு. முருகனைக் குலசாமியாட்டக் கும்பிடற குடும்பத்துல பொறந்துபோட்டு இது என்ன வீம்புன்னு ஒரம்பரைச் சனமெல்லாம் கேட்டுச் சலிச்சுப் போச்சு. அப்படியாப்பட்ட மனுசன் உன்ற திட்டத்தைக் கேட்டுப்போட்டு, போலாம் சாரதா, குளுருக்குத் துணி மட்டும் நாமளே தெச்சுக்கலாம்னாரு. அவரு வாயில குளுருக்குத் துணிங்கற பேச்சே இத்தனை வருசமா வந்ததில்ல.

போன திங்கக்கெழமை அருள்புரத்துல நம்ம கம்பெனியிலயே தெர்மல் துணி எடுத்து மூணு பேருக்கும் அளவு எழுதி ஜெயபாண்டிகிட்டக் குடுத்தாரு. ஜெயபாண்டி நம்ம கட்டிங் மாஸ்டரு, மதுரைப் பக்கத்து ஆளு, ஆறு வருசமா இருக்கறாரு, ஒரு பீஸ் தப்பா வெட்டுனதில்ல. யாழினின்னு ஒரு கொழந்தை நமக்கு இருந்ததே அவருக்குத் தெரியாது. பொழுதோட நான் கம்பெனிக்குப் போறேன், செக்கிங்குல இருக்கற ஒச்சாயி தெச்சு முடிச்சதை அயர்ன் டேபிள்ல இருந்து அப்படியே அள்ளிக் கொண்டாந்து என்ற மடியில வெக்கறா. நாலு செட்டு. உன்றது, அப்பாது, என்றது, அப்புறம் ஏழு வயசுக் கொழந்தைக்கு ஆகற மாதிரி ஒண்ணு. மூணு செட்டு கையில புடிக்க முடியாத சூடு, அந்தச் சின்னது மட்டும் தண்ணியில நனைச்சு எடுத்தாப்புல சில்லுனு இருந்துச்சு. ஜெயபாண்டியக் கூப்புட்டுக் கேட்டா, பேப்பர்ல நாலு வரி இருந்துச்சுக்கா, பாத்துத்தான் வெட்டுனேன்னு சத்தியம் பண்றாரு. பேப்பரை எடுத்துப் பாத்தா உங்கப்பா கையெழுத்துல மூணே வரி. பாவம், அந்தாளு மொகம் வெளுத்துப் போச்சு, மறுநாளு லீவு.

சரி, கைத்தவறுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லாம பீரோவுல வச்சுப் பூட்டிப்போட்டேன். புதங்கெழமை இன்சூரன்ஸ் போடறதுக்கு ட்ராவல்ஸ் ஆபீசுக்கு நானும் அவரும் போனம். அங்க வேலை செய்யற நதியாங்கற புள்ள எங்களை உக்கார வச்சுத் தண்ணி கொண்டாந்தா, மூணு டம்ளரு. ரெண்டு எங்களுக்கு வச்சா, ஒண்ணை எனக்கும் அவருக்கும் நடுவால மேசை ஓரத்துல, கொழந்தை எட்டி எடுக்கறதுக்குத் தோதா வச்சுப்போட்டுப் போனா. ஆருக்கு அம்முணி இதுன்னு நான் கேக்கலை. கேட்டா என்ன சொல்லுவாளோன்னு உட்டுப்போட்டேன். உங்கப்பா அந்த டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தாரு, அப்புறம் கையெழுத்துப் போட்டாரு.

வியாழக்கெழமை பிரவுசிங் சென்டருக்குப் போயி உன்ற மெயிலை வாங்கியாந்தம். நாலு பெட் இருக்கற ரூமு போட்டாச்சு, நம்ம நாலு பேருக்கும் தாராளமா இருக்கும்னு எழுதியிருக்கறே. நீ அனுப்புன தேதி பாத்தேன், பன்னெண்டு. ஜெயபாண்டி துணி வெட்டுனதுக்கு மொத நாளு. உனக்குக் கலியாணமும் ஆகலை, கூட்டாளி ஆரும் வரலைன்னு நீயே சொல்லியிருக்கறே. ஏன் கண்ணு நாலுன்னு எழுதுனே? நீ வேணும்னு எழுதலைன்னு தெரியும். அவளை நான் நெனைக்காத நாளில்ல, அதுனால நான் மட்டும் கண்டிருந்தா வெசனத்துல புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு உட்டிருப்பேன். கடல் தாண்டி இருக்கற உன்ற கையும் அதையே எழுதுனா நான் என்னன்னு நெனைக்கறது? பாசத்துல கூட வாறாளா, இல்ல கேக்கறதுக்கு வாறாளான்னுதான் எனக்குப் பயம். ஏன்னா அவ கேக்கறதுக்கு ஒண்ணு இருக்குது. அதை உனக்கும் சொன்னதில்ல, உங்கப்பாவுக்கும் சொன்னதில்ல.

உனக்கு அப்ப பன்னெண்டு வயசு, அவளுக்கு ஏழு. கொடைக்கானல் போகையில மடத்துக்குளத்துல வண்டிய நிறுத்தி உனக்கும் அவளுக்கும் கம்பங்கருது வாங்கிக் குடுத்தது ஞாபகம் இருக்குமே. அந்த டிசம்பர்ல நம்ம ஊட்டு முன்னறை பூராவும் வெளிநாட்டுக்குப் போற பெட்டிதான் அடுக்கியிருந்துச்சு, குளுருக்குப் போடற கனத்த பிளீஸ் சட்டை, கொழந்தைங்க சைசு. கெளம்பறதுக்கு முன்னால உங்கப்பா ஒரு பெட்டியப் பிரிச்சு செவப்புல ஒண்ணு எடுத்து யாழினிக்குன்னு பையில வச்சிருந்தாரு. நான் பாத்துப்போட்டேன். பெட்டிக்கு இத்தனைன்னு கணக்கு, ஒண்ணு குறைஞ்சாலும் சரக்கு வாங்கற பையர் லாட்டையே திருப்பிருவான்னு அவருக்குத் தெரியாம அதை எடுத்து மறுபடி பெட்டியிலயே வச்சு டேப் ஒட்டிப்போட்டேன். ஒரு ராத்திரிக் குளுருக்கு என்ன ஆயிரப் போகுதுன்னு நெனச்சேன். ஊரு ஒலகத்துக்கே குளுருக்குத் துணி தெச்சு அனுப்பற நாங்க, நம்ம கொழந்தைய வெறும் பனியன் கவுனோட மலைக்குக் கூட்டிட்டுப் போனம். அங்க போயி அவ நடுங்கையில உங்கப்பா பையத் துழாவித் துழாவிப் பாத்தாரு, வச்சேனே வச்சேனேன்னாரு, நான் வாயத் தொறக்கலை. திரும்பி வந்து மாருச்சளி புடிச்சு எட்டே நாளு. பையில வெக்க மறந்துபோட்டம்னு நெனச்சுத்தான் மனுசன் மலையே ஏறாம தன்னையத் தண்டிச்சுக்கறாருன்னு நான் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டே இருந்தேன், ஆனாச் சொல்றதுக்குத் தைரியம் வரலை. நான் பாவி கண்ணு.

முந்தாநேத்து மத்தியானம் கரண்டு போயி ஊடே பொசுங்குது, அவரு சோத்துக்கு உக்காந்தாரு. பீரோவுல இருந்து அந்தச் சின்ன செட்டை எடுத்தாந்து அவரு முன்னால வச்சேன். அந்த வேக்காட்டுலயும் அது சில்லுனுதான் இருந்துச்சு. இந்தப் பயணம் வேணாமுங்க, பையனுக்கு எழுதி நிறுத்தச் சொல்லிரலாமுங்கன்னு ஆரம்பிச்சு, அந்தச் செவப்புச் சட்டை வரைக்கும் அம்புட்டையும் சொல்லிப்போட்டேன். அடிப்பாரு, இல்லாட்டி எந்திரிச்சுப் போயிருவாருன்னு நெனச்சேன். அவரு சோத்துல கைய வச்சுக்கிட்டே, நாம திரும்பி வந்த மறுநாளு லாரியில ஏத்தறப்ப நான் பிரிச்ச பெட்டியில சட்டைய எண்ணுனேன் சாரதா, ஒண்ணு குறைஞ்சிருக்கோணும், குறையலைன்னாரு. அன்னைக்கே தெரியும்னாரு. அவ உசுரோட ஆஸ்பத்திரியில கெடக்கறப்பவே அவருக்குத் தெரியும் கண்ணு. பதினாறு வருசம் என்ற கையில சோறு வாங்கித் தின்னுபோட்டு ஒரு சொல்லு சொல்லலை. அப்புறம் எதுக்குங்க மலை ஏறாம இருந்தீங்கன்னு கேட்டேன். பழனியில மேல போயி அந்த முருகன் முன்னால நின்னா, உன்ற பேரைச் சொல்லி ஏன்னு கேட்டுப்போடுவேன், கேட்டா அவன் உன்னைய எதாச்சும் பண்ணிருவானோன்னு பயம்னாரு. நான் அவரு காலைப் புடிச்சுக்கிட்டுக் கத்தி அழுதேன். அவரும் அழுதாரு. அந்தச் சின்ன செட்டை அவரே மடிச்சு சூட்கேசுல வச்சாரு, நாலு பேரும் போலாம்னாரு.

அதுனால நாங்க வாறம். எனக்குப் பயமாத்தான் இருக்குது, இல்லைன்னு பொய் சொல்லலை. நேத்து சூட்கேசைத் தொட்டுப் பாத்தேன், ஒரு பக்கம் மட்டும் சில்லுனு இருக்குது. கேக்கறதுக்கு வந்தாலும் வரட்டும், பதில் சொல்றதுக்கு நான் இருக்கறேன். நீ மறந்தாப்புல அந்த நாலாவது பெட்டை வேணாம்னு சொல்லிப்போடாத. இந்தக் காயிதத்தைப் படிச்சதும் அப்பாகிட்டப் போன்ல எதுவும் கேக்காத, நேருல அவரே பேசுனாப் பேசட்டும். நீ வெறுங்காலோட தரையில நடக்காத, ரசம் வச்சுக் குடி, தலைக்குத் தொப்பி இல்லாம வெளிய போகாத. அம்மா மேல கோவம் வந்துச்சுன்னா வெச்சுக்க, நேருல திட்டு, வாங்கிக்கறேன்.

நீ நூறு வருசம் நல்லா இருக்கோணும், என்ற புண்ணியம்னு எதாச்சும் மிச்சம் இருந்தா அதெல்லாம் உனக்கே. மறக்காம ஒண்ணு செய்யி. ஏர்போர்ட்ல கதவு தொறந்து நாங்க வெளிய வரும்போது எத்தனை பேருன்னு எண்ணாத சாமி. வர்றவங்க வரட்டும்.

உன்ற நல்லதையே நெனச்சுக்கிட்டிருக்கற அம்மா,
க. சாரதாமணி