ஒரு கிம்ச்சித் துண்டு

மார்ச் 3
மறுபடி பனி. முற்றம் பெருக்கி விரல் மரத்துவிட்டது.
இந்த வாரம் துறவுக்குப் பெயர் அனுப்புகிறார்கள். மடத்தின் மூத்த பிக்குணி ஜிவோல் சுனிம் சரி என்றால், இந்தப் பழுப்பு உடுப்பு போய்ச் சாம்பல் உடுப்பு வரும். இல்லையென்றால் இலையுதிர் காலம் வரை எடுபிடிதான். அம்மா போனில் குத்துகிறாள்: "மொட்டையும் போட்டாச்சு, ஒண்ணும் ஆகல. பேசாம வீட்டுக்கு வந்துடுடி."

மார்ச் 4
போர்ச்சுகலிலிருந்து கொரியா சுற்ற வந்த இனேஷ் என்று ஒரு பெண், மடத்தில் ஓர் இரவு தங்க. நான் விமான நிலையத்தில் வேலை பார்த்தவள், எனக்கு இங்கிலீஷ் வரும் என்று அவளை என் தலையில் கட்டிவிட்டார்கள்.
ஜிவோல் சுனிம் கூப்பிட்டார். "காலைல நம்மளோட கிண்ணச் சாப்பாட்டுக்கு உக்காருவா. கழுவின தண்ணி கலங்குச்சுன்னா உன் பேரை எழுத மாட்டேன்." விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.
இனேஷிடம் விளக்கினேன். மிளகாயில் ஊறிய முட்டைக்கோஸ், அந்தக் கிம்ச்சியில் ஒரு துண்டை மிளகாய் போக அலசி ஓரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் வெந்நீர் ஊற்றி, அந்தத் துண்டால் கிண்ணத்தைத் துடைத்து, எல்லாவற்றையும் விழுங்கிவிட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவிப் பொதுவாளியில் ஊற்ற வேண்டும். அது பசித்த பேய்களுக்கு. அவற்றுக்குத் தொண்டை ஊசித்துளை, துளி மிளகாய் போனாலும் எரியும்.
"மறந்துட்டா?"
"என்னையே பாரு. நான் செய்யறதையே செய்."

மார்ச் 5
காலைக் கிண்ணச் சாப்பாடு.
எதிரே இனேஷ். சிந்துவாளோ, கிண்ணத்தை உருட்டுவாளோ என்று அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் வாய் பாட்டுக்கு மென்றது. வெந்நீர் வந்ததும் துண்டைத் தேடுகிறேன் — காணோம். தின்றிருக்கிறேன்! நிமிர்ந்தால் இனேஷ் கிண்ணத்திலும் இல்லை. நான் செய்ததையே செய்திருக்கிறாள், பாவி மகள்.
விரலால் தேய்த்தேன். அவளும் தேய்த்தாள். போகுமா?
வாளி சுற்றி வந்தது. ஜிவோல் சுனிம் எட்டிப் பார்த்தார். சிவப்புத் துகள்கள். எல்லாக் கண்ணும் இனேஷ் மேல். என்னவென்று புரியாமலே தலையைக் குனிந்துகொண்டாள்.
"வெளியூர்க்காரி. அவளுக்கென்ன தெரியும், போகட்டும்" என்றார் ஜிவோல் சுனிம்.
வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். அந்தக் குனிஞ்ச தலையைப் பாக்க முடியல. என்னை நம்பித்தானே செஞ்சா?
"நாந்தான் சுனிம். துடைக்கிற துண்டை நான் தின்னுட்டேன். என்னைப் பாத்துத்தான் அவளும் தின்னா."
யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஜிவோல் சுனிம் சிரிக்கவில்லை. "அப்ப குடி."
கலங்கிய தண்ணீரை அந்த வரிசையே குடித்துத் தீர்க்க வேண்டும், அதுதான் வழக்கம். நான் கிண்ணத்தை நீட்டினேன். சொல்லாமலே இனேஷும் நீட்டினாள்.

மார்ச் 7
என் பெயர் போகவில்லை.

மார்ச் 8
விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அம்மாவுக்குப் போன் போடவில்லை.

அக்டோபர் 14
ஜெர்மனியிலிருந்து இரண்டு பேர். ஜிவோல் சுனிம் அவர்களை எனக்கு எதிரே உட்காரவைத்து, என்னைக் காட்டிச் சொன்னார்: "இவளையே பாருங்க. இவ செய்யறதையே செய்ங்க." அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியவளும் நான்தான். வெட்கமாகப் போய்விட்டது.
வாளி வந்தபோது குனிந்து பார்த்தேன். கூரையில் ஒட்டிய மந்திர எழுத்துகள் கலங்காத தண்ணீரில் அப்படியே தெரிந்தன. பார்த்துக்கொண்டே இருந்ததில் சட்டைக் கையை நனைத்துக்கொண்டேன். புதுச் சாம்பல் துணி, இன்னும் காயவில்லை.